புதிதாய் வந்தவருக்கு முதல் பாடம் எது?

மதுரைக்குப் பிழைப்புத் தேடி வருகிறவர்களுக்கு மொழியும் தொழிலும் அன்றாட நடைமுறைகளும் இலவசமாகக் கற்றுத் தரும் வார இறுதிப் பட்டறைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஆறுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் தெருவில் அடுக்குமாடி வீடு கட்டும் இடத்தில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்கு இலவசமாகத் தமிழ் கற்றுத் தர விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்குவது?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, வில்லாபுரம்

பதில்: அம்மா, தயவுசெய்து அ, ஆ-விலிருந்து தொடங்காதீர்கள். இதை நான் செய்த தவற்றிலிருந்து சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் தெருவிளக்கின் கீழ் பாடம் நடத்திய அனுபவம் எனக்கு இருந்தது. அந்தத் தைரியத்தில், பல ஆண்டுகள் கழித்து வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக முதல் வகுப்பைத் தொடங்கியபோது எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி ‘அம்மா, ஆடு, இலை’ என்று ஆரம்பித்தேன். முதல் வாரம் பதினேழு பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் நான்கு பேர்தான் வந்தார்கள்.

வராமல் நின்றுபோனவர்களில் ஒருவரைத் தேடிப் போனபோது, தோளில் கட்டுடன் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். சாரத்தின் மேலிருந்து செங்கல் சரிந்திருக்கிறது. மேலே நின்ற கொத்தனார் “வெலகு, வெலகு” என்று கத்தியிருக்கிறார். கீழே நின்ற இவருக்கு அந்தச் சொல் தெரியாததால், தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்திருக்கிறார். இரண்டு வாரம் என் வகுப்பில் உட்கார்ந்து ‘இலை’யைக் கற்றுக்கொண்ட அவருக்கு ‘விலகு’ என்ற சொல்லை நான் சொல்லித் தரவில்லை என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது. அன்று முதல் எங்கள் முதல் பாடம் ‘வெலகு, நில்லு, பிடி, பைய, மேலே பார்’ என்ற ஐந்து சொற்களாகத்தான் இருக்கிறது.

நீங்கள் கற்றுத் தரப்போவது அவர்கள் காதில் விழுகிற தமிழாக இருக்கட்டும். ‘அந்தப் பக்கம், இந்தப் பக்கம்’ என்று புத்தகத் தமிழில் சொல்லிக் கொடுத்துவிட்டு வேலைக்கு அனுப்பினால், அங்கே மேஸ்திரி ‘அங்கிட்டு வையி, இங்கிட்டு எறக்கு’ என்பார். அவர்கள் திகைத்து நிற்பார்கள். அதனால் முதல் வகுப்புக்கு முன்பாக ஒரு நாள் காலை கட்டடம் நடக்கும் இடத்தில் அரைமணி நேரம் நின்று, சித்தாளிடமும் நிமிந்தாளிடமும் என்னென்ன சொற்கள் சொல்லப்படுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். கலவை, ஜல்லி, கரண்டி, சாரம், மட்டம், தூக்குக்குண்டு என்று ஒரு பக்கம் நிறைந்துவிடும். அந்தப் பக்கம்தான் உங்கள் முதல் மாதப் பாடநூல்.

அவர்களுக்கு எங்கே இடறும் என்பதையும் முன்னரே தெரிந்துகொள்வது நல்லது. இந்தியில் நேற்றைக்கும் நாளைக்கும் ‘கல்’ என்ற ஒரே சொல்தான். வினைச்சொல்லை வைத்துத்தான் எது என்று புரிந்துகொள்வார்கள். ஆகவே ‘நாளைக்குச் சம்பளம்’ என்பதும் ‘நேற்று வந்தேன்’ என்பதும் நெடுநாள் குழப்பமாகவே இருக்கும். இதற்கு நான் கண்ட எளிய வழி, கடைகளில் கொடுக்கும் தினசரி காலண்டர். கிழித்துக் கையில் வைத்திருக்கும் தாள் நேற்று. மேலே தெரிவது இன்று. அதைச் சற்றுத் தூக்கினால் அடியில் இருப்பது நாளை. ஒருமுறை அவர்கள் கையாலேயே தாளைக் கிழிக்க வைத்துப் பாருங்கள், அதன் பிறகு தடுமாற மாட்டார்கள். இந்தியில் ‘ஹம்’ என்ற ஒரு சொல், நம்முடைய ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டின் வேலையையும் செய்கிறது. ‘நாங்க சாப்பிடப் போறோம்’ என்பதற்கும் ‘நாம சாப்பிடப் போறோம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு, அழைக்கப்படுகிறோமா இல்லையா என்கிற வேறுபாடு என்பதால், அதை நிதானமாக நடித்துக் காட்ட வேண்டும்.

எழுத்தை முற்றிலும் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. ஆனால் 247 எழுத்துகளையும் வரிசையாக ஏற்றுவதை விட, அவர்கள் தினமும் நிமிர்ந்து பார்க்கிற பேருந்துப் பலகையிலிருந்து தொடங்கலாம். ‘பெரியார்’, ‘மாட்டுத்தாவணி’, ‘ஆரப்பாளையம்’ என்ற மூன்று பெயர்களை முழுச் சொல்லாக அடையாளம் காணப் பழக்கினால், அவற்றுக்குள் இருக்கும் எழுத்துகள் தாமாகவே பிரிந்து வரும். இந்தியின் தேவநாகரி எழுத்தை அறிந்தவர்கள், நம் ‘க’ என்ற ஒரே எழுத்து ‘காசு’, ‘தங்கம்’, ‘பகல்’ என்ற மூன்று சொற்களிலும் மூன்று விதமாக ஒலிப்பதைக் கண்டு, மற்ற ஒலிகளுக்கு எழுத்து எங்கே என்று கேட்பார்கள். அது அவர்கள் கவனமாகப் படிக்கிறார்கள் என்பதற்கு அடையாளம்.

நேரத்தையும் யோசியுங்கள். ஞாயிறு காலை என்பது அவர்கள் துணி துவைக்க, முடிவெட்ட, காய்கறி வாங்க, ஊரில் இருக்கும் தாயோடு பேசக் கிடைக்கிற ஒரே காலை. மாலை நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இடமும் கொட்டகையிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கட்டும். அவர்களை ‘நீ, வா, போ’ என்று அழைக்காதீர்கள். மொழி தெரியாவிட்டாலும் மரியாதை தெரியும். இந்தியிலும் ‘ஆப்’ என்றும் ‘தூ’ என்றும் வேறுபாடு உண்டு. அதனால் நீங்கள் ‘நீங்க’ என்று சொல்வது முதல் நாளே அவர்கள் மனத்தில் பதியும்.

கேள்வி: நான் கட்டட ஒப்பந்தக்காரன். என்னிடம் இருபது வடநாட்டுப் பையன்கள் வேலை செய்கிறார்கள். தமிழும் சட்டமும் கற்றுக்கொண்டால் அதிகக் கூலி கேட்டு வேறு இடம் போய்விட மாட்டார்களா?
— ஒத்தக்கடை வாசகர்

பதில்: சிலர் போகத்தான் செய்வார்கள். மொழி தெரியாத காரணத்தால் மட்டும் ஒருவர் நம்மிடம் தங்கியிருக்கிறார் என்றால், அவரை நாம் வேலைக்கு வைத்திருக்கிறோம் என்பதை விட அடைத்து வைத்திருக்கிறோம் என்பதே பொருந்தும். நீங்கள் அப்படிப்பட்டவர் அல்லர் என்பது, இதை வெளிப்படையாகக் கேட்டு எழுதியதிலேயே தெரிகிறது. உங்கள் பக்கத்து லாபத்தையும் சொல்கிறேன்: ‘மட்டம் பார்த்து வை’ என்ற ஒரு வரி புரிந்த ஆள், பூசிய சுவரைத் திரும்ப இடிக்க வேண்டிய நிலையை உங்களுக்கு உண்டாக்க மாட்டார். வகுப்புக்குக் கொட்டகையிலேயே ஒரு விளக்கும் ஒரு பாயும் தாருங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் தமிழகத்தில் இருக்கிறது. அதில் அவர்களைப் பதிவு செய்ய நீங்களே துணை நின்றால், விபத்து நேரும் நாளில் அந்தப் பதிவு அவர்கள் குடும்பத்துக்கும் உங்களுக்கும் பெரிய துணையாக இருக்கும்.

கேள்வி: ஐயா, நான் சேடபட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்து விளக்குத்தூண் அருகே ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். வெளிமாநிலத்தாருக்கு வகுப்பு நடக்கிறது என்கிறீர்கள். எங்களைப் போல் கிராமத்திலிருந்து வந்தவர்களும் இந்த ஊருக்குப் புதியவர்கள்தானே? கம்ப்யூட்டரும் ஆங்கிலமும் பணம் கட்டாமல் கற்றுக்கொள்ள வழி உண்டா?
— 21 வயது வாசகி

பதில்: மகளே, நீ கேட்டது நியாயம். தமிழ் தெரிந்தவர் என்பதாலேயே கிராமத்திலிருந்து வருகிறவர்களை நாங்கள் புதியவர்களாக எண்ணத் தவறிவிடுகிறோம். வங்கிப் படிவமும் நேர்முகத் தேர்வும் ‘லிஃப்ட்’டும் முதல் தடவை யாருக்கும் மிரட்சிதான்.

முதலில், கோ.புதூரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கு ஒரு வார நாளில் விடுப்பெடுத்துப் போய் வா. உன் படிப்பைப் பதிவு செய்வதோடு, அரசுப் போட்டித் தேர்வுகளுக்கான இலவசப் பயிற்சி பற்றியும் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதே கோ.புதூரில் அரசு தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கிறது. கிராமப்புற ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 15 முதல் 35 வயதுக்குட்பட்டோருக்கு, தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டத்தில் கட்டணமில்லாமல் பயிற்சி உண்டு. உன் கிராமத்து முகவரியில் குடும்ப அட்டை இருப்பது அங்கே உனக்கு உதவும். சொந்தமாகத் தையலோ அழகுக்கலையோ தொடங்க எண்ணினால், மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயதொழில் பயிற்சி நிலையங்கள் பயிற்சியை உணவுடனேயே இலவசமாகத் தருகின்றன.

புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைக் கட்டாயம் பயன்படுத்திக்கொள். உள்ளே போய்ப் படிக்கக் கட்டணம் கிடையாது. முதல் நாள் அந்தக் கட்டடத்தின் பெருமையைப் பார்த்து வாசலிலேயே தயங்கி நின்ற பெண்களை நான் கண்டிருக்கிறேன். தயங்காதே, அது உன் வரிப்பணத்திலும் கட்டப்பட்டது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பதால், போய்வரும் செலவைப் பற்றியும் யோசிக்க வேண்டாம்.

ஆங்கிலத்துக்கு, உன் கடையையே வகுப்பாக்கிக்கொள். அளவு, நிறம், துணி வகை, விலை, தள்ளுபடி, மாற்றித் தருதல் ஆகியவற்றைப் பற்றி வாடிக்கையாளர் கேட்கக்கூடிய கேள்விகள் முப்பதைத் தாண்டாது. அந்த முப்பதுக்கும் ஆங்கிலத்தில் பதில் எழுதி, உடன் தங்கியிருக்கும் தோழியோடு இரவில் மாறி மாறிச் சொல்லிப் பார். எங்கள் பட்டறையில் இலக்கணப் புத்தகத்தோடு ஆறு மாதம் போராடியவர்களை விட, இப்படிப் பழகியவர்கள் விரைவில் வாய் திறந்தார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பயிற்சி இலவசம் என்று சொல்லிவிட்டு ‘பதிவுக் கட்டணம்’, ‘சீருடை முன்பணம்’, ‘வேலை உத்தரவாத வைப்புத் தொகை’ என்று கேட்கும் இடத்தில் ஒரு ரூபாயும் கொடுக்காதே. அசல் சான்றிதழ்களையும் ஒப்படைக்காதே. இன்னொன்று, கடைகளில் வேலை செய்வோர் உட்காருவதற்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. நாள் முழுதும் நின்று கால் வீங்கும் உன் தோழிகளுக்கு இதைச் சொல். தன் உரிமையைத் தெரிந்துகொள்வதையும் வாழ்க்கைத் திறனில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஒடிசாக் குடும்பத்தின் எட்டு வயதுப் பெண் குழந்தை பள்ளிக்குப் போகாமல் இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் இல்லை, தமிழும் தெரியாது என்று தயங்குகிறார்கள். அவர்கள் சார்பில் நான் எழுதுகிறேன்.
— திருநகர் வாசகி

பதில்: தயங்க வேண்டிய அவசியமே இல்லை, நாளைக்கே அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைக்கு மாற்றுச் சான்றிதழோ வயதுச் சான்றோ இல்லை என்ற காரணத்தால் சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்க்க வேண்டும். விடுபட்ட பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி பெறவும் அந்தக் குழந்தைக்கு உரிமை உண்டு. மொழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சத்துணவு வரிசையிலும் பாண்டி ஆட்டத்திலும் அந்தக் குழந்தை கற்றுக்கொள்ளும் தமிழை, பெரியவர்களான நாம் ஓராண்டிலும் கற்பிக்க முடியாது. பிறகு அந்தக் குழந்தைதான் தன் தாய்க்கு ரேஷன் கடையிலும் மருத்துவமனையிலும் மொழிபெயர்க்கும். எங்கள் வகுப்புக்கு வரும் தாய்மாரில் பலரும் இப்படித்தான் ஊரைப் பழகினார்கள். ஆனாலும் தாயையும் வகுப்புக்கு அழைத்து வாருங்கள். தன் உடல்நோவை மருத்துவரிடம் எட்டு வயது மகள் வாயால் சொல்ல வேண்டிய நிலை ஒரு தாய்க்கு நேரக் கூடாது.

ரேஷன் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் தமிழகத்தில் 2020 அக்டோபரிலிருந்து நடப்பில் இருக்கிறது. அவர்களுடைய ஒடிசா அட்டை தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதாகவும் ஆதாருடன் இணைந்ததாகவும் இருந்தால், கைரேகை வைத்து அவர்களுக்குரிய தானியத்தை இங்குள்ள கடையிலேயே பெறலாம்.

கேள்வி: நம் பிள்ளைகளே வேலையில்லாமல் இருக்கும்போது, வெளியிலிருந்து வந்தவர்களுக்கு எதற்காக நம் நேரத்தையும் பணத்தையும் செலவிட வேண்டும்? அவர்கள் நம் வேலைகளைத்தானே எடுத்துக்கொள்கிறார்கள்?
— செல்லூர் வாசகர்

பதில்: உங்கள் வீட்டில் வேலை தேடும் பிள்ளை ஒருவர் இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். அந்த வலியைத் தள்ளிவிட்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. முதலில் ஒன்று: இந்தப் பட்டறைகளின் கதவு உங்கள் பிள்ளைக்கும் திறந்தே இருக்கிறது. மேலே ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு எழுதியதெல்லாம் அவருக்கும் பொருந்தும்.

கூலி குறைவதற்குக் காரணம் ஒருவர் வெளியூர்க்காரர் என்பதன்று. கணக்குக் கேட்கத் தெரியாதவர் என்பதுதான். மொழி அறியாத ஆளைக் குறைந்த கூலிக்கு அமர்த்த முடிகிறவரை, கூலி கேட்கத் தெரிந்த நம் ஊர் ஆளுக்கு வேலை கிடைக்காது. எங்கள் வகுப்புக்கு வந்த ஒருவர் சட்டைப் பையில் ஒரு காலண்டர் தாளை மடித்து வைத்திருந்தார். அதன் பின்பக்கம் வேலைக்குப் போன நாளுக்கு ஒரு கோடு வீதம் போட்டிருந்தார், எண்ணினால் இருபத்தாறு. கையில் கிடைத்ததோ இருபத்து நான்கு நாள் கூலி. “மேஸ்திரி, என் கணக்குல இருபத்தாறு நாள் இருக்கு, பார்த்துச் சொல்லுங்க” என்ற ஒரே வாக்கியத்தை அன்று மாலை முழுவதும் அவரோடு சேர்ந்து எல்லாரும் சொல்லிப் பழகினோம். அடுத்த சனிக்கிழமை அவர் கேட்டார், பாக்கி வந்தது. அந்த வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்த நாளிலிருந்து, அந்த இடத்தில் உள்ளூர் ஆளை விட அவர் மலிவானவர் அல்லர். இதில் உங்கள் பிள்ளைக்கும் நன்மை இருக்கிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் வாழும் சௌராஷ்டிர மக்கள் நாயக்கர் காலத்தில் பட்டு நெசவோடு இந்த ஊருக்கு வந்தவர்கள். வீட்டுக்குள் இன்றும் தங்கள் மொழியைப் பேசுகிறார்கள். வெளியில் நம்மைப் போலவே மதுரைத் தமிழ் பேசுகிறார்கள். அவர்களுடைய கைத்திறன் இல்லாமல் மதுரைச் சுங்குடிச் சேலை ஏது? நம் மாவட்டத்துப் பிள்ளைகளும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மொழி தெரியாமல் போய் இறங்குகிறார்கள். அங்கே யாராவது ஒருவர் அவர்களுக்கு முதல் சொல்லைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நம் வீட்டுத் தாய்மார் வேண்டிக்கொள்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

கேள்வி: நாங்கள் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் அவனியாபுரத்தில் ஓராண்டாக இப்படி ஒரு வகுப்பை நடத்துகிறோம். ஒவ்வொரு மாதமும் பாதிப் பேர் மாறிவிடுகிறார்கள். பாடத்தை முடிக்கவே முடியவில்லை. சோர்வாக இருக்கிறது.
— மாணவர்கள்

பதில்: தம்பிகளே, தங்கைகளே, சோர்வு உங்கள் உழைப்பால் வந்ததன்று, பாடத்திட்டத்தால் வந்தது. கட்டடம் முடிந்தால் ஆட்கள் அடுத்த ஊருக்குப் போவார்கள். ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போகிறவர்களில் சிலர் திரும்ப மாட்டார்கள். இதை நம்மால் மாற்ற முடியாது. ஆகவே ‘சென்ற வாரத்தின் தொடர்ச்சி’ என்ற பேச்சே இல்லாமல், ஒவ்வொரு ஞாயிறும் தன்னளவில் முழுமையான ஒரு பாடமாக இருக்கட்டும். ஒரு வாரம் அரசு இராசாசி மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு வாங்குவது எப்படி என்று மட்டும் நடித்துப் பாருங்கள்: எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. மறு வாரம் ஏ.டி.எம். அட்டையும், ஓ.டி.பி. எண்ணை ஏன் யாரிடமும் சொல்லக் கூடாது என்பதும். அதற்கு அடுத்த வாரம், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதிவு. ஆதாரும் வங்கிக் கணக்குப் புத்தகமும் கொண்டு வரச் சொல்லி, உங்கள் கைப்பேசியிலேயே செய்து கொடுங்கள். ஒரே ஒரு நாள் வந்து போனவரும் வெறுங்கையோடு போயிருக்க மாட்டார்.

அப்படிப் போகிறவர் சட்டைப் பையில் வைக்கும் அளவுக்கு ஓர் அட்டை தயார் செய்யுங்கள். அவசர உதவிக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, பணமோசடிக்கு 1930, இலவசச் சட்ட உதவிக்கு 15100. இவற்றைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் எழுதி, நனையாதபடி லேமினேஷன் செய்துவிடுங்கள். லேமினேஷனுக்கு முன்பு பின்பக்கத்தில் அவருடைய இரத்த வகையையும், ஊரில் உள்ள ஒருவருடைய எண்ணையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். கைப்பேசி தொலைந்துபோன நாளில் வீட்டு எண் மனப்பாடமாக இல்லாமல் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்த ஒரு பையனைப் பார்த்த பிறகுதான் அந்தக் கடைசி வரியை நாங்கள் சேர்த்தோம்.